லாசரஸ் பார்த்த வேலைகள்

தசரதன் சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவர். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிக்கிற டீமுக்கு மேனேஜர். ஒரு திங்கட்கிழமை அவரைச் சின்ன ரூமுக்குள் கூப்பிட்டு, கையில் ஒரு கவரைக் கொடுத்து, கழுத்தில் கிடந்த ஐடி கார்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அவருக்குப் பின்னால் அதே ரூமுக்குள் போனவர் ஊரப்பாக்கம் ஜெயவேலு. இரண்டு பேரும் கேன்டீனில் கடைசியாக ஒரு டீ குடித்தார்கள். அன்றைக்கென்று பார்த்து டீ நன்றாக இருந்தது.

அப்போது தசரதனுக்கு நாற்பத்தொன்பது வயது. மனைவி பிளஸ்ஸி தாம்பரத்தில் நர்ஸ். அவருக்கு அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்க, பீர்க்கன்கரணை வீட்டைப் பூட்டிவிட்டு இவரும் கூடவே கிளம்பினார். பொண்டாட்டி விசாவில் போகிறான் என்று சொந்தக்காரர்கள் பேசியது காதில் விழத்தான் செய்தது. போய் ஒரு மாதம் ஆவதற்குள் பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் "என்ன சார், வேலை செட் ஆயிடுச்சா?" என்று கேட்டுவிட்டார்கள். "ஸ்கூல்ல அட்மின்" என்று அடித்துவிட்டார். வாய் சும்மா இருக்குமா?

நிஜத்தில் அன்றைக்கு அவர் ஒரு ஹோட்டலில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார். அடுத்து நாய்களை நடத்திக்கொண்டு போகிற வேலை. நாலு நாய், நாலு கயிறு, நடுவில் நம்ம ஆள். இரண்டாம் நாளே ஒன்று பல்லைக் காட்டியது. பீர்க்கன்கரணைத் தெருவில் வளர்ந்த உடம்பு என்ன செய்யும்? சட்டென்று குனிந்து கல் எடுக்கிற மாதிரி பாவ்லா காட்டினார். நம்ம ஊர் நாயாக இருந்தால் ஏரிக்கரை வரைக்கும் ஓடியிருக்கும். அங்கே நாலும் வரிசையாக உட்கார்ந்து வாலை ஆட்டின. பந்து போடப் போகிறார் என்று நினைத்துவிட்டன, பாவம்.

இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும். ஆனால் அட்மின் சார் நாய் மேய்த்தார் என்று எப்படிச் சொல்வது? லாசரஸ் என்று ஒரு ஆளை உண்டாக்கினார். "எங்க தெருவுல லாசரஸ்னு ஒருத்தர் இருக்காரு, நம்ம தாம்பரம்தான்" என்று ஆரம்பித்து நாய்க் கதையைப் போட்டார். குரூப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் லாசரஸ் தட்டு கழுவினார். லாசரஸ் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்கு ரோடு கிராஸ் பண்ணிவிடும் வேலையில் சேர்ந்தார். பெருங்களத்தூரில் ஜிஎஸ்டி ரோட்டைக் கடக்கிற பழக்கத்தில், வண்டி நிற்கும்வரை காத்திருக்காமல், ஒரு கையைக் காட்டிக்கொண்டே குறுக்கே இறங்கிவிட்டார். வேலை கற்றுக்கொடுக்க வந்த அம்மாவுக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

அந்த வேலைதான் நிலைத்தது. பொய்யில் ஸ்கூலாவது உண்மையாயிற்று என்று தசரதன் மனதைத் தேற்றிக்கொண்டார். மஞ்சள் கோட்டு, நீளக் கம்பு, காலையில் ஒரு மணி நேரம், மதியம் ஒரு மணி நேரம்.

இரண்டு வருஷம் கழித்து, ஜூலை லீவில் ஊருக்கு வந்தார். மூன்றாம் நாள் ஜெயவேலு வீட்டுக்குக் கூப்பிட்டார். ஊரப்பாக்கத்தில் மூன்றாவது மாடி. மேசையில் வீட்டுப் பத்திரம் விரித்துக் கிடந்தது.

"பன்னெண்டு மணிக்கு புரோக்கர் பொன்னுரங்கம் வராரு மச்சான், பார்ட்டிய இட்டுகினு. அட்வான்ஸ் வாங்கிட்டா முடிஞ்சிது. வூட்டை வித்து, உங்க அயர்லாந்துல ஒரு கோர்ஸ் சேந்துட்டு வந்துடறேன். அப்புறம் ஏதாவது வேலை கிடைக்காமலா பூடும்?"

தசரதன் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு இன்னும் பத்தே நிமிஷம். இருபது வருஷமாகத் தவணை கட்டிய வீடு இது. உண்மையைச் சொல்லாமல் ஏர்போர்ட்டுக்குப் போய்விடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் அப்புறம் தனக்குச் சோறு இறங்குமா?

"நான் அட்மின் இல்ல, மச்சான்" என்றார். "லாசரஸ்னு யாரும் கிடையாது. அதெல்லாம் நான்தான்."

போனை எடுத்து, பிளஸ்ஸி எடுத்த போட்டோவைக் காட்டினார். மஞ்சள் கோட்டில், மழையில் நனைந்துகொண்டு, கம்போடு நிற்கிற தசரதன். ஜெயவேலு போனை வாங்கி, போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அந்த நாய்ங்க?"

"நான்தான்."

ஜெயவேலு சிரிக்கவில்லை. எழுந்து உள் ரூமுக்குப் போய், சாப்பாடு டெலிவரிக்காரர்கள் முதுகில் மாட்டுகிற பெரிய பையைக் கொண்டுவந்து போட்டார். "ஒன்றரை வருஷமா இதான் எனக்கு. நம்ம ஆபீஸ் ஆளுங்க கண்ல படக்கூடாதுன்னு ஹெல்மெட்டைக் கழட்ட மாட்டேன். உன் மெசேஜ் வந்தா வயிறு எரியும்டா. ஆனா ஹோட்டல் வாசல்ல ஆர்டருக்குக் காத்துகினு கீறப்போ லாசரஸ் கதைய எத்தினி தடவை படிச்சிருப்பேன் தெரியுமா? என் மாதிரி ஒருத்தன் அங்க சிரிச்சிகினு பொழைக்கிறானேன்னுதான் வூட்டை விக்கக் கிளம்பினேன். உன்னை நம்பி இல்ல. அவனை நம்பி."

 இந்த அடியைத் தசரதன் எதிர்பார்க்கவில்லை. திட்டுவான் என்றுதான் நினைத்தார்.

"சரி, லாசரஸே சொல்லு. நான் வித்துட்டு வரவா?"

"வராத. பிளஸ்ஸி சம்பளத்துலதான் எங்க வூடு நடக்குது. அவ இல்லன்னா ஒரு மாசம் கூடத் தாங்கியிருக்க மாட்டேன். மழையில வேலை முடிஞ்சி வந்து பாத்ரூம்ல உக்காந்து அழுதுருக்கேன். அந்தக் கதைய மட்டும் நான் எழுதல."

காலிங் பெல் அடித்தது. ஜெயவேலு எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். வீடு விற்பதாக இல்லை என்று அவர் சொன்னதும், பொன்னுரங்கம் படியில் நின்றபடியே, கூட வந்த பார்ட்டிக்கும் சேர்த்துக் கத்திவிட்டுப் போனார். கதவைச் சாத்திவிட்டு வந்த ஜெயவேலு பத்திரத்தை மடித்தார்.

"அழுததையும் எழுதியிருக்கலாம்டா" என்றார். "நானும் தனியா அழுதிருக்க மாட்டேன்."