தலையணைப் பக்கத்து முடி

2024 ஜூலை 18, வியாழக்கிழமை. காலையில் வழக்கம்போல் பால் வாங்கி வந்தேன். ஃபில்டரில் டிகாஷன் இறங்குவதற்குள் செய்தித்தாளின் முதல் பக்கத்தைப் படித்து முடித்தேன். நாங்கள் குடியிருக்கும் லேக் கார்டன்ஸில் இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. பால்கனிக் கொடியில் காயாத துணிகளைக் கூடத்து மின்விசிறிக்கு அடியில் மாற்றிப் போட்டேன். மகனுக்கு இட்லியைச் சதுரமாக வெட்டி, ஒரு துண்டு இன்னொன்றைத் தொடாதபடி தட்டில் வைத்தேன். கார்டன் ரீச்சில் உள்ள ரயில்வே அலுவலகத்துக்குப் போய், பிற்பகலுக்கு அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் "சொந்த வேலை" என்று போட்டேன். முடிவெட்டு என்று எழுதினால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

மகனுக்குப் பதிமூன்று வயது. ஆட்டிசம். பேச்சு ஓரிரு சொற்களோடு நின்றுவிடும். கத்தரிக்கோலின் ஓசை அவனுக்குத் தாங்காது. சலூன் வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான். அதனால் சிறு வயதிலிருந்தே அவன் தூங்கும்போது வெட்டுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். மனைவி டார்ச் பிடிப்பாள், நான் வெட்டுவேன். இந்தக் கோடையில் பாதி வெட்டும்போது விழித்துக்கொண்டான். அதோடு தூக்கத்தை நம்புவதை விட்டுவிட்டான். இரு கைகளாலும் தலையைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். கண் சொருகும், உடனே திடுக்கிட்டுத் திறக்கும். பகலில் பள்ளி மேஜைமேல் சரிந்துவிடுகிறான் என்று ஆசிரியை சொல்லி அனுப்பினார். வெட்டாத பக்கத்து முடிக்கு அடியில் கழுத்தெல்லாம் வியர்க்குரு. முடியை வெட்டியாக வேண்டும். அவன் விழித்திருக்கும்போதே, அவனுக்குத் தெரியவே வெட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் அவன் எங்கள் வீட்டில் இனி நிம்மதியாகத் தூங்கப்போவதில்லை.

சனிக்கிழமைகளில் அவனைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போவேன். அந்த மையத்தின் குறுகிய நடையில் ஒரு நீள பெஞ்ச். அப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்போம். யாரும் யாரோடும் பேசுவதில்லை. பேச ஆரம்பித்தால் "உங்க பையன் இப்ப என்ன பேசறான்?" என்ற கேள்வி வந்துவிடும். ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சாந்த்ராகாச்சியிலிருந்து மகளோடு வரும் பெங்காலி ஆசிரியர் ஒருவர் என் மகனின் தலையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அண்ணன் என்ற பொருளில் தாதா என்று அழைத்து, பெங்காலியில் கேட்டார்:

"தாதா, பையன் வலது பக்கம் சாஞ்சுதானே தூங்குவான்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இடது பக்கம் குட்டை, வலது பக்கம் நீளம். தலையணைப் பக்கம் கை எட்டியிருக்காது. எங்க வீட்ல இதே கதைதான், பக்கம்தான் வேற. என் பொண்ணு இடது பக்கம் சாய்வா."

பெஞ்சின் கோடியில் இருந்த மார்வாடி துணிக்கடைக்காரர் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டார். "என் பையன் குப்புறப் படுப்பான், பாய்சாப். பின்னாடி பட்டாளம், முன்னாடி சாமியார்."

மூவரும் சேர்ந்து சிரித்தோம். உள்ளேயிருந்து பயிற்சியாளர் எட்டிப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதாக இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அந்த பெஞ்ச் முழுக்க அதுதான் நடந்துகொண்டிருந்தது.

துணிக்கடைக்காரர், தன் கடைக்கு அடுத்த சலூனை நடத்தும் பீகார்க்காரரிடம் பேசிவிட்டு வந்தார். கூட்டமில்லாத ஒரு பிற்பகலில் கடையை எங்களுக்கு மட்டும் விடுவார். டிவி ஓடாது, மிஷின் ஓடாது. எந்த நாள் என்பதில்தான் சிக்கல். ஞாயிறு, திங்கள், புதன் மூன்று நாளும் கூட்டம். செவ்வாயன்று சலூன்காரரே கடையைத் திறப்பதில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் நடக்காது என்று நான் சொன்னேன். சனிக்கிழமைக்குத் துணிக்கடைக்காரரின் அம்மா சம்மதிக்க மாட்டார். மிஞ்சியது வியாழன். பெங்காலிகளுக்கு அது லட்சுமியின் நாள். முடி வெட்டினால் லட்சுமி வீட்டை விட்டுப் போய்விடுவாள்.

"வாரத்துல இன்னொரு கிழமை சேர்த்தாதான் நம்ம பசங்களுக்கு முடி வெட்டலாம்," என்றார் துணிக்கடைக்காரர்.

ஆசிரியர் யோசித்தார். "வியாழனே இருக்கட்டும். எங்க வீட்டு லட்சுமி தெரபி பீஸோட எப்பவோ போயாச்சு. இனிமே போறதுக்கு யார் இருக்கா?"

அவர் மனைவி இதற்காகக் கோபித்துக்கொண்டாராம். ஆனாலும் நான் விடுப்பு எடுத்த அந்த வியாழக்கிழமை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவரும் சலூனுக்கு வந்தார், ஒரு டப்பா நிறைய நிம்கி என்ற உப்பு மைதா பலகாரத்தோடு. என் மனைவிதான் வரவில்லை. "அவன் அழறதை இனிமே என்னால நின்னு பார்க்க முடியாதுங்க," என்று சொல்லிவிட்டாள்.

ஆசிரியரின் மகள் நெற்றி முடியை மட்டும் வெட்டவிட்டு, நிம்கி வேண்டும் என்று இறங்கிவிட்டாள். துணிக்கடைக்காரரின் மகன் வாசற்படியைத் தாண்டவே இல்லை. என் மகன் மூலையில் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தாதா, முதல்ல நீங்க உக்காருங்க. அவன் பார்க்கட்டும்," என்றார் ஆசிரியர்.

உட்கார்ந்தேன். சலூன்காரர் என் காதோரம் கத்தரியை ஓட்டினார். மகன் மெல்ல நெருங்கி வந்தான். என் தோளில் விழுந்த முடியை எடுத்து விரலால் தேய்த்தான். என் காதைக் குனிந்து பார்த்தான். காயம் இருக்கிறதா என்று பார்த்தான் என்றே நினைக்கிறேன். பிறகு என் மடியில் ஏறி உட்கார்ந்தான். பதிமூன்று வயதுப் பையன். முழங்கால் கண்ணாடிப் பலகையில் இடித்தது. சலூன்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். வலது பக்கத்தில் ஒரே ஒரு வெட்டு. மகனின் உடம்பு விறைத்தது. அவர் மணிக்கட்டைச் சட்டென்று பிடித்துக்கொண்டான். அந்தக் கையை அப்படியே கொண்டுவந்து என் தலைமேல் வைத்தான்.

"அப்பா," என்றான்.

எனக்கு ஒரு வெட்டு விழுந்தது. உடனே கையை விட்டுவிட்டுத் தன் தலையைக் குனிந்தான்.

அப்படியே போயிற்று, அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஏற்கெனவே என் தலையில் அதிகம் இல்லை.

"பார்த்து வெட்டுப்பா," என்றார் துணிக்கடைக்காரர். "அப்பா பக்கம் துணி கம்மி."

ஒரு கட்டத்தில் சலூன்காரர் என் தலைக்கு மேலே காற்றில் கத்தரியைச் சொடுக்கிப் பார்த்தார். மகன் ஏமாறவில்லை. என் தோளைப் பார்த்தான், ஒன்றும் விழவில்லை. மறுபடியும் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் தலை இரண்டு பக்கமும் ஒரே அளவில் முடிந்தபோது, என் தலையில் ஒட்ட வெட்டிய நிழல்தான் இருந்தது.

துணிக்கடைக்காரர் வாசலில் நின்ற தன் மகனைப் பார்த்தார். பிறகு தன் வழுக்கையைத் தடவினார். இப்போது அவர் குரலில் கேலி இல்லை. "என் பையனுக்கு நான் என்ன செய்யறது? என்கிட்ட சரக்கே இல்லையே."

ஆசிரியருக்குச் சுருள் சுருளாக அடர்ந்த முடி. அதை அவர் பக்கமாகச் சாய்த்துக் காட்டினார். "அடுத்த மாசம் நான் உக்காரறேன். என் தலையை வச்சுக்குங்க."

வீட்டுக் கதவைத் திறந்த மனைவி என் தலையைப் பார்த்ததும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, யாருக்கு என்னங்க ஆச்சு? மதுரையிலேர்ந்து போன் வந்துச்சா?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. பின்னால பாரு."

மகனின் தலையை இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "முழிச்சிட்டு இருக்கும்போதா?" என்றாள். பிறகு, "எதையும் தொடாம ரெண்டு பேரும் போய்க் குளிங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக, மகனின் அறைக் கதவைச் சாத்திவிட்டு, பள்ளி வேன் ஓட்டுபவருக்குப் போன் செய்தேன். இன்று எங்கள் வாசலில் நிற்க வேண்டாம், ஹார்ன் அடிக்க வேண்டாம் என்றேன்.

"ஏன் தாதா? பையனுக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கான்," என்றேன். "தூங்கறான்."