ஸ்டார்ட் ஆகாத மஸ்கட் லாரி

டிவி மெக்கானிக் கடைக்கு டிவி மட்டும்தான் ரிப்பேருக்கு வரும் என்று நினைப்பவர் அந்தத் தொழிலை ஒருநாள்கூடப் பார்க்காதவர். மிக்சி வரும், இஸ்திரிப் பெட்டி வரும், காதில் மாட்டுகிற மிஷின் வரும், சில நாள் பக்கத்து வீட்டுச் சண்டையும் வரும். ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகப் பொழைப்பை ஓட்டுகிற சக பாவிகளுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோரிப்பாளையத்தில் எனக்கு அப்படி ஒரு கடை. செல்போன் அப்போதுதான் எல்லார் சட்டைப் பையிலும் ஏற ஆரம்பித்திருந்தது. அந்தச் சமயத்தில் ஒரு வாரம் பூராவும் ஒரு பொம்மை லாரி என்னைப் பாடாய்ப் படுத்தியது.

ரிமோட் இருந்தால் அது டிவி

திங்கள்கிழமை காலையில் கே.கே. நகர் ஜெகந்நாதன் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தார். சவுராஷ்டிராக்காரர், ஆபீஸ் உத்தியோகம், பரம சாது. வீட்டில் டிவி மக்கர் பண்ணினால் என்னிடம்தான் வருவார். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு முழ நீளத்துக்கு லாரி. சக்கரம் ஒவ்வொன்றும் தேங்காய் மூடி சைஸ். பொம்மைதானே என்று தூக்கிப் பார்த்தேன். அடப்பாவி, உள்ளே நிஜ இஞ்சின்! டேங்க் இருக்கிறது, சைலன்ஸர் இருக்கிறது, இழுத்து ஸ்டார்ட் பண்ணக் கயிறுகூட இருக்கிறது. "சார், நான் டிவி பாக்குறவன். இஞ்சினுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன். "இதுக்கு ரிமோட்டு இருக்கேண்ணே" என்று ஏரியல் வைத்த ரிமோட்டை எடுத்துக் காட்டினார். ரிமோட் இருந்தால் என் டிபார்ட்மென்ட்டாம். இந்த நியாயத்துக்கு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். ஆனால் ஆள் ஸ்டூலில் உட்கார்ந்து கதையைச் சொல்லிவிட்டார். அண்ணன் சாந்தாராம் மஸ்கட்டில் இருக்கிறார். அப்பாவின் முதல் வருஷத் திதிக்கு அண்ணன் வரவில்லை என்ற கோபத்தில், இனிமேல் வரவே வேண்டாம் என்று இவர் போனில் கத்திவிட்டார். அதிலிருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லை. கொஞ்ச நாள் கழித்து, ஊருக்கு வந்த யாரோ ஒருவர் மூலமாக இந்த லாரி மட்டும் வந்தது. கூட ஒரு வரி கிடையாது. இவர் கயிற்றை இழுத்துப் பார்த்திருக்கிறார், ஸ்டார்ட் ஆகவில்லை. பரணில் தூக்கிப் போட்டுவிட்டார். நடுவில் அக்கா கேட்டபோது மட்டும், வண்டி சும்மா பறக்குது என்று அளந்து விட்டிருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் கல்யாணம். அண்ணன் வருகிறார். ஜெகந்நாதன் லாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பரண்ல போட்டு வச்சிருக்கேன்னு தெரிஞ்சா, அவரையே பரண்ல தூக்கிப் போட்டுட்டேன்னு நெனைப்பாருண்ணே."

ஒயர் இல்லாத ப்ளக்

இஞ்சின் என்றால் காஜா பாய். என் கடைக்கு அடுத்த கடை, டூவீலர் மெக்கானிக். செத்த மொபெட்டையும் எழுப்பி உட்கார வைத்துவிடுவார் என்று தெருவில் பெயர். லாரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது டூ ஸ்ட்ரோக்குண்ணே, நம்ம மொபெட்டோட பேரன்" என்று சிரித்தார். பெட்ரோலில் டூ-டி ஆயிலைக் கலந்து, ஊசி போடுகிற சிரிஞ்சால் டேங்க்கில் ஏற்றினார். கயிற்றை இழுத்தார். நான் இழுத்தேன். ஜெகந்நாதன் இழுத்தார். டீ கொண்டுவந்த கடைக்காரரும் ஆசைப்பட்டு ஒருதரம் இழுத்தார். ம்ஹூம், ஒரு இருமல்கூட இல்லை.

சரி, கரன்ட் வருகிறதா பார்ப்போம் என்று ப்ளக்கிலிருந்து ஒயரைக் கழற்றப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். கழற்ற ஒயரே இல்லை. கரன்ட் உண்டாக்குகிற காயில் இல்லை, மேக்னெட் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வண்டிக்குள் இருந்த பேட்டரியைக் காட்டினேன். அது ரிமோட் சிக்னல் வாங்கி ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கு மட்டும்தான், இஞ்சினுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. காஜா பாய் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ப்ளக்குக்கு ஒயரே இல்லைன்னா நெருப்பு எங்கிட்டிருந்துண்ணே வரும்? இது மவுத்தாப் போன வண்டிண்ணே, அடக்கம் பண்ணிருங்க."

மூன்று ஆம்பளைகளும் ஒரு டிவியும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. புரியாத சாமான் ஒன்று கடையில் இருந்தால் சோறு இறங்காது. புதன்கிழமை ப்ளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சாதா ப்ளக் மாதிரி நுனியில் இடைவெளி இல்லை. குழிக்குள் தலைமுடி மாதிரி ஒரு கம்பி சுருண்டு கிடந்தது. அட, இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே! டிவி பிக்சர் டியூப்பின் கழுத்தில் ஒரு ஹீட்டர் எரியுமே, அதே சாதி. அப்படியென்றால் பொறி கிடையாது, கம்பி சூடாகிக் கனன்றாலே போதும். கரன்ட்டைக் குறைத்துக் கொடுக்கிற எலிமினேட்டரில் ஒயரை மாட்டிக் கொடுத்தேன். 'பொசுக்' என்று கம்பி கருகிவிட்டது. காலையில் டேப் ரெக்கார்டருக்காக ஆறு வோல்ட்டில் வைத்ததை மாற்ற மறந்திருந்தேன். ஜெகந்நாதன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! நல்லவேளை, பெட்டியின் மூலையில் ஸ்பேர் ப்ளக் ஒன்று கிடந்தது.

இந்தத் தடவை எலிமினேட்டரைத் தொடவே இல்லை. டார்ச் லைட்டில் போடுகிற பெரிய பேட்டரிக் கட்டை ஒன்றை எடுத்துப் பயந்து பயந்து ஒயரை வைத்தேன். கம்பி மெல்ல மெல்லச் சிவந்து, ஆரஞ்சு நிறத்தில் கனன்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது. காஜா பாயைக் கத்திக் கூப்பிட்டேன். மூன்று பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அந்தச் சின்னக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அலங்காநல்லூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்து ஒரு போர்ட்டபிள் டிவியைக் கொண்டுவந்த அக்கா ஒருத்தி, ரொம்ப நேரமாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் வாயைத் திறந்தாள்: "இம்புட்டுப் பொம்ம வண்டிக்கு மூணு ஆம்பளைங்க. என் டிவிக்கு ஒருத்தருகூடவா இல்ல?"

ஜும்மா சட்டை

அடுத்த வில்லங்கம் எண்ணெய். ஜெகந்நாதன் ஆபீஸில் விசாரித்து விசாரித்து, திருச்சியில் சின்ன விமானம் செய்து பறக்கவிடுகிற ஒருவரைப் போனில் பிடித்துவிட்டார். பெட்ரோலுக்கு இந்த இஞ்சின் மசியாதாம். நைட்ரோ எண்ணெய் என்று தனியாக ஒன்று உண்டாம். பிளேனில் அதை ஏற்ற விடமாட்டார்களாம், அதனால்தான் மஸ்கட்டிலிருந்து வண்டி மட்டும் வந்திருக்கிறது. மனுஷன் லீவு போட்டுவிட்டு வியாழக்கிழமை திருச்சிக்கே போய், ஒரு பாட்டிலைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்ததும் காஜா பாய் மூக்கைச் சுருக்கினார். "என்னண்ணே, வெளக்கெண்ண வாடை அடிக்குது?" ஆமாம், இழவெடுத்த அந்த எண்ணெயில் விளக்கெண்ணெயும் சேர்மானமாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். காஜா பாய் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் மணக்க ஜும்மா தொழுகைக்குக் கிளம்பியவர், எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கடைக்குள் வந்தார். கயிறு இழுபடாமல் இறுகிப் போயிருந்தது. காலையிலிருந்து நாங்கள் இழுத்த இழுப்பில் எண்ணெய் பூராவும் இஞ்சினுக்குள் போய் ரொம்பியிருக்கிறது. "ப்ளக்கைக் கழட்டிட்டு இழுத்தா வெளியே வந்துரும், தள்ளுங்கண்ணே" என்றார். கழற்றினார், இழுத்தார். வந்தது. நேராக நெஞ்சில் வந்தது. வெள்ளைச் சட்டையில் கழுத்திலிருந்து வயிறுவரை எண்ணெய் வழிந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இன்னொரு தரம் குளிப்பதற்காக வீட்டுக்கு ஓடிய மனுஷன் வாசலில் நின்று திரும்பிச் சொன்னார்: "இம்புட்டு வெளக்கெண்ணயப் பேதிக்குக் குடிச்சிருந்தாக்கூட வயிறாச்சும் சுத்தமாயிருக்கும்ணே!"

உருண்டையா ஒரு இடம்

சனிக்கிழமை லாரி முதல்முறையாக வாயைத் திறந்தது. 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம், குபுக்கென்று புகை. நாங்கள் கைதட்டுவதற்குள் அணைந்துவிட்டது. மறுபடி இழுத்தால் மறுபடி டர்ர்ர், மறுபடி அவுட்டு. ஜெகந்நாதன் நகத்தைக் கடிக்க ஆரம்பித்துவிட்டார். மறுநாள் கல்யாணம். காஜா பாய் மட்டும் கண்ணை இடுக்கிக்கொண்டு, "பத்துது, ஆனா பசிக்குதுண்ணே. எண்ண போய்ச் சேரல" என்றார். சைலன்ஸரிலிருந்து டேங்க்குக்கு ஒரு மெல்லிசான ரப்பர் ட்யூப் போகிறது. புகையின் அழுத்தம் அந்த வழியாகப் போய் டேங்க்கில் இருக்கும் எண்ணெயைத் தள்ள வேண்டும். ட்யூப்பைப் பிடுங்கி ஊதினேன், காற்று நன்றாகப் போனது. சைலன்ஸரில் ட்யூப் மாட்டுகிற சின்ன மூக்கைப் பார்த்தேன். மஞ்சளாக, கெட்டியாக ஏதோ அடைத்திருந்தது. ஊசியால் நெம்பி முகர்ந்தேன். சந்தனம்! அதன் மேலே ஒரு துளி குங்குமம் வேறு.

வண்டி வந்த அன்று ட்யூப் கழன்றிருந்தது என்று ஜெகந்நாதனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீட்டம்மா பூஜை போட்டு முடித்த பிறகு இவர்தான் அதை மாட்டியிருக்கிறார். மூக்கைச் சுத்தம் பண்ணி ட்யூப்பை மாட்டி இழுத்தோம். அடேங்கப்பா! காது கிழிகிற சத்தத்தோடு லாரி சந்துக்குள் பாய்ந்தது. ஆட்டோக்காரர்கள் ஓரம் கட்டினார்கள், நாய் ஒன்று சுவர் ஏறியது. ஜெகந்நாதன் ரிமோட்டை வைத்துக்கொண்டு குதிக்கிறார், காஜா பாய் விசில் அடிக்கிறார், நான் எதற்கென்று தெரியாமல் கூடவே ஓடுகிறேன். எல்லாம் அடங்கிய பிறகு ஜெகந்நாதன் என் கடை போனில் வீட்டுக்குச் சொல்லிவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார். அந்தப் பக்கம் அவர் மனைவி கூச்சத்தோடு பேசினார்: "புது வண்டியாச்சேன்னு எலுமிச்சம்பழம் வச்சேன், நசுங்காம உருண்டு ஓடிருச்சு. சரி, பொட்டாச்சும் வைப்போம்னு பாத்தா, அது ஒண்ணுதாண்ணே உருண்டையா, பொட்டு வைக்கத் தோதா இருந்துச்சு."

வைகை மணல்

தொழில் பண்ணுகிறவர்களுக்குத் தெரியும். வீட்டில் படமே தெரியாத டிவி, கடைக்கு வந்ததும் கண்ணாடி மாதிரி தெரியும். கடையில் ஜம்மென்று பேசிய ரேடியோ, வீட்டு வாசலில் போய்ச் செத்துப்போகும். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அண்ணனும் தம்பியும் கல்யாண வீட்டிலிருந்து நேராக, நானும் காஜா பாயும் லாரியோடு காத்திருந்த ஆற்றுக்கு வந்தார்கள். கோரிப்பாளையத்துப் பக்கம் இறங்கினால் வைகையில் தண்ணீர் எங்கே, மணல்தான். சாந்தாராம் தம்பியை உரித்து வைத்த மாதிரி இருந்தார், காதோரம் மட்டும் நரை. ரெண்டு பேருக்கும் நடுவில் இன்னொரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நடந்து வந்தார்கள். கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டாயா என்பதைத் தாண்டிப் பேச்சு வரவில்லை என்று ஜெகந்நாதன் என் காதில் சொன்னார். "வண்டி ஓடிருச்சுன்னா பேச்சு வந்துரும்ணே."

வண்டி ஓடவில்லை. நேற்றுச் சந்து பூராவும் கலக்கிய வண்டி இன்று தும்மக்கூட இல்லை. நான் ப்ளக்கைப் பார்த்தேன், கனல்கிறது. காஜா பாய் ட்யூப்பை ஊதினார், காற்று போகிறது. ஜெகந்நாதன் பட்டு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுக்கிறார், இழுக்கிறார், வியர்வை சொட்டுகிறது. கடைசியில் கயிறு அறுந்து அவர் கையோடு வந்துவிட்டது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அண்ணனை நிமிர்ந்து பார்த்து அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். எனக்கு ஒரு வார்த்தைதான் புரிந்தது. பரண்.

 சாந்தாராம் கல்யாணத்துக்குப் போட்ட பேன்ட்டோடு தம்பி பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். அறுந்த கயிற்றைத் தம்பி கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். காஜா பாய் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். அவர் கையைப் பிடித்து சாந்தாராம் தமிழில் சொன்னார்: "மஸ்கட்ல நானே இழுத்துப் பாத்து ஓடலைன்னு விட்ட வண்டி பாய் இது. ஸ்டார்ட் ஆகாதுன்னு தெரிஞ்சுதான் அனுப்புனேன். எப்பிடிண்ணே ஸ்டார்ட் பண்றதுன்னு கேட்டு ஒரு போனாச்சும் அடிப்பான்னு பாத்தேன். இவன் என்னடான்னா, சும்மா பறக்குதுன்னு அக்காகிட்ட சொல்லி விட்டுட்டான்!"

இத்தனை வருஷ சர்வீஸில், ஓடாமலே இருந்து, வந்த வேலையை முடித்துவிட்டுப் போன ஒரே வண்டி அதுதான்.