அஸருக்குப் பின் அழைப்பு கிடையாது

எங்கள் தெருவில் யாருக்கு யார் மேல் கோபம் என்பது முக்பிலுக்குத் தெரியும். ஏமனில் எங்கள் இப் நகரத்தில் இருபது வருடம் தொலைபேசிக் கடை நடத்தியவர் அவர். கடைக்குள் நான்கு கண்ணாடிக் கூண்டுகள் இருந்தன. கூண்டுக்குள் நின்று ஜித்தாவில் இருக்கும் கணவனைத் திட்டுகிற பெண்ணின் குரல் காய்கறிச் சந்தை வரை போகும். முக்பில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு தன் காதில் எதுவும் விழாததுபோல் உட்கார்ந்திருப்பார். அவள் கொண்டுவந்த சில்லறை தீர்ந்துபோனாலும் இணைப்பைத் துண்டிக்க மாட்டார்.

"பேசிக்கிட்டிருக்கிறவ வாயப் பொத்துறதும் வயரப் புடுங்குறதும் ஒண்ணுதான்" என்பார்.

எல்லார் கையிலும் போன் வந்த பிறகு கடையை மூடினார். ஒரு கூண்டு மட்டும் அவர் வீட்டு மொட்டைமாடிக்கு ஏறிக் கோழிக்கூண்டானது. பிறகு தெருவிலேயே உயரமான எங்கள் வீட்டு மாடியில் ஆன்டெனா நட்டு, சூரியத் தகடு வைத்து, தெரு முழுக்க வைஃபை கொடுக்க ஆரம்பித்தார். மளிகைக் கடையில் அவருடைய சின்ன அட்டையை வாங்கி, அதிலுள்ள எண்ணைப் போனில் தட்டினால் நெட் வரும். மழை பிடித்தால் போய்விடும். "முக்பிலு, உன் நெட்டுக்கு ஒரு குடை வாங்கிக் குடு" என்று தெருவே கேலி பேசும்.

ஒன்பது வருடம் கோலாலம்பூர், கெய்ரோ, இஸ்தான்புல் என்று அலைந்துவிட்டு நான் திரும்பி வந்தபோது தெரு இப்படித்தான் இருந்தது. இஸ்தான்புல் கம்பெனி ஒன்றுக்குப் படங்களின் வசனத்தை மொழிபெயர்த்து அனுப்பிக்கொண்டிருந்தேன். மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்ததுமே இங்கே ஆண்கள் லேசாகப் போதை தரும் காத் இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். போனைத் தலையணை மேல் சாய்த்து வைத்து ரியாத்தில் இருக்கும் மச்சானைக் கூப்பிடுவார்கள். இலை மெல்ல முடியாத ஊரில் இருக்கும் அவன், இவன் மெல்லுவதை மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பான். நெட் அத்தனையும் அதிலேயே போய்விடும்.

"மாமா, ஒரு ஃபைல் போறதுக்குள்ள எனக்குக் கல்யாணமாகிக் கொழந்தையே பொறந்துரும்" என்றேன் முக்பிலிடம்.

"கல்யாணமாவது ஆகட்டுமே. உங்க அம்மா எனக்கு விருந்து போடுவா."

"வெளையாடாதீங்க. மூணு மணிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் பேச்ச மட்டும் நிறுத்திரலாம். எழுத்து, படமெல்லாம் எப்பவும்போலப் போகும். நானே செஞ்சு தர்றேன்."

"பேச்ச நிறுத்துறதா? போடி மலேசியாக்காரி. நான் அப்படிப் பொழச்சவனில்ல."

இரண்டு வாரம் பிடிவாதமாக மறுத்தார். வாங்கிய அட்டைகளை ஆட்கள் மளிகைக் கடைக்காரர் முகத்தில் வீச ஆரம்பித்த பிறகுதான் இறங்கி வந்தார். மாடியில் உட்கார்ந்து பத்தே நிமிடத்தில் முடித்தேன். "அஸருக்குப் பின் மஃரிப் வரை அழைப்பு கிடையாது" என்று மளிகைக் கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினோம். பிற்பகல் தொழுகையிலிருந்து அந்தித் தொழுகை வரை, அந்த மூன்று மணி நேரம்தான். நெட் பறந்தது. காத் சபைகள் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு அடங்கின.

அந்தத் தாளை நூரிய்யா பலமுறை கடந்து போயிருப்பாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

நூரிய்யா எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ரொட்டி சுட்டு விற்கிறவள். அவள் அண்ணன் காயித் ஜித்தாவில் இருந்தான். அப்பா விட்டுப்போன மலைச்சரிவு நிலத்தில் தங்கையின் பங்கையும் சேர்த்து அவளைக் கேட்காமலே விற்றுவிட்டான். நான்கு வருடம் இருவருக்கும் பேச்சில்லை. "அவன் வாயால மன்னிப்புக் கேக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வாள்.

எங்கள் ஊரில் தூரப் பயணத்துக்கு முன்னால், அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள். கேட்டால் மட்டும் போதாது. "மன்னிச்சேன்" என்ற பதில் காதில் விழ வேண்டும். அதனால் இதை யாரும் எழுதியோ குரலைப் பதிந்தோ அனுப்புவதில்லை. கூப்பிட்டுப் பேசுவார்கள்.

ஒரு புதன்கிழமை காலை, காயித் ஆஸ்பத்திரியில் இறந்துபோனதாகச் செய்தி வந்தது. குடலில் ஏதோ வெடித்து, முந்தின நாள் மாலை அவசரமாக அறுத்திருக்கிறார்கள். உடலை அங்கேயே அடக்கம் செய்தார்கள். இங்கே நூரிய்யா வீட்டில் மூன்று நாள் துக்கம். இரண்டாம் நாள் நானும் போய்ப் பெண்கள் நடுவில் உட்கார்ந்தேன்.

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லிரு நூரிய்யா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "மண்ணுக்குள்ள போனவன்கிட்ட என்ன வீம்பு?"

"அவன் கேட்டானா?" என்றாள் நூரிய்யா. "செவ்வாக்கிழம அஸர் தொழுதுட்டு எந்திரிக்கிறேன், போன் அடிக்குது. அவன் படம். எடுத்து ஹலோ, ஹலோன்னு கத்துறேன். ஒரு சத்தமில்ல. வெச்சுட்டான். மறுபடி அடிச்சான், மறுபடி ஊமையா இருந்தான். மூணு தடவ. சாகப்போற நேரத்துலயும் தங்கச்சிகிட்ட வாயத் தொறக்க மனசு வரலியே அவனுக்கு! அவன நான் எதுக்கு மன்னிக்கணும்?"

என் கையிலிருந்த காப்பித்தோல் கஷாயம் ஆறிப்போனது. பேச்சை அப்படி அடைத்து வைத்தால் மணி அடிப்பது நிற்காது. எடுத்தால் "இணைக்கிறது" என்ற ஒரு சொல் மட்டும் திரையில் நிற்கும். குரல் இந்தப் பக்கமும் வராது, அந்தப் பக்கமும் போகாது. படிக்கத் தெரிந்தவர்கள் நெட்டைத் திட்டுவார்கள். நூரிய்யாவுக்குக் கேட்டது மௌனம் மட்டும். தங்கை எடுக்கிறாள், ஆனால் பேச மாட்டேன் என்கிறாள் என்று காயித்தும் நினைத்திருப்பான். அந்த நினைப்போடு இருந்தவனைத்தான் அறுவை அறைக்குள் கொண்டுபோயிருப்பார்கள்.

நேரே முக்பில் வீட்டுக்கு ஓடினேன். அவர் மாடியில் கண்ணாடிக் கூண்டைத் திறந்து கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். தீனி டப்பாவோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"எத்தன தடவ அடிச்சானாம்?"

"மூணு."

"மூணு தடவயா..."

"நான் போய்ச் சொல்லிர்றேன் மாமா. செஞ்சது நான்தானே."

"உன் கை செஞ்சுது. சரின்னது என் வாய்." எழுந்து தலைத்துணியைக் கட்டிக்கொண்டார். "நீ முன்னாடி போய் உள்ள உக்காரு."

பெண்கள் இருக்கும் அறைக்கு வெளியே, திரைக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. முதலில் கனைத்தார்.

"நூரிய்யா, நான் முக்பிலு."

"சொல்லுங்க அண்ணே."

"செவ்வாக்கிழம உங்க அண்ணன் ஊமையா இருக்கல. நான்தான் பேச்ச அடைச்சு வெச்சிருந்தேன். தெரு முழுக்க. மளிகைக் கடையில எழுதி ஒட்டியிருந்தேன். உனக்குப் படிக்கத் தெரியாதுன்னு எனக்குத் தோணல."

நூரிய்யா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் கத்துனது அவனுக்குக் கேக்கலியா?"

"கேட்டிருக்காதும்மா."

"அவன் பேசியிருப்பானா?"

"பேசியிருப்பான். பேசத்தானே மூணு தடவ அடிச்சான்."

என் பெயரை அவர் சொல்லவில்லை. திரைக்கு இந்தப் பக்கம், நூரிய்யாவுக்கு ஒரு கை தூரத்தில்தான் நான் இருந்தேன். "அடைக்கச் சொன்னது நான்தான்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். யாரோ அழ ஆரம்பித்தார்கள். மூடிக்கொண்டேன்.

நூரிய்யா போனை எடுத்தாள். அண்ணன் படத்தைத் தேடிப் பிடித்து, மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "மன்னிச்சேன் காயித்." கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. பிறகு மூன்றாவது தடவை.

திரைக்கு வெளியே முக்பில் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "என்னையும் மன்னிச்சிரும்மா" என்றார்.

"நீங்க உசுரோடதானே இருக்கீங்க" என்றாள் நூரிய்யா. "உங்களுக்கு என்ன அவசரம்?"

அன்று மாலையே அடைப்பை எடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு நெட் பழையபடி ஊர்ந்தது. இஸ்தான்புல் வேலை கைவிட்டுப் போனது. முக்பில் வெள்ளிக்கிழமை தோறும் தொழுகை முடிந்து நூரிய்யா வாசலில் ரொட்டி வாங்குகிறார். அவள் சூடான ரொட்டியாகப் பார்த்துக் கொடுக்கிறாள். அந்த வார்த்தையை மட்டும் இன்னும் கொடுக்கவில்லை. அவர் திரும்பக் கேட்கவும் இல்லை.

இப்போதெல்லாம் போனில் எந்த எழுத்து வந்தாலும் நூரிய்யா மாவுக் கையோடு என்னிடம் ஓடி வருகிறாள்.

"மலேசியா, இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு. மறுபடியும் பேச்ச அடச்சுட்டாங்களா?"

"இல்லக்கா. உங்க அண்ணி கூப்பிட்டிருக்காங்க. நீங்க எடுக்கல, அவ்வளவுதான்."

"நீ இல்லேன்னா நான் என்னடி பண்ணுவேன்" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போகிறாள். கன்னத்தில் மாவு ஒட்டியிருக்கிறது. அவள் திருப்பத்தில் மறையும் வரை பார்த்துக்கொண்டு நிற்கிறேன், ஒவ்வொரு தடவையும், எதுவும் சொல்லாமல்.