கிருத்திகையன்று நான் தடுத்த முகவரி

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் அந்த நாட்களில் எனக்கு எரிச்சல் வரும். சர்வர் பார்த்துக்கொள்கிறேன் என்றால் எந்த ஹோட்டலில் என்பார்கள். சென்னையில் ஒரு சின்ன அலுவலகம். குளிரூட்டிய ஓர் அறையில் ஏழெட்டு இயந்திரங்கள். யார் யாருடைய இணையதளங்களோ அவற்றில் குடியிருந்தன. அவை விழாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. திருத்தணியிலிருந்து காலையில் ஒரு மின்சார ரயில், சாயங்காலம் ஒரு ரயில். இரண்டாயிரத்துக்குப் பிறகான சில வருடங்கள் எனக்கு அப்படித்தான் போயின.

அந்த ரயிலில் போகிறவர்களுக்கு இணையத் தாக்குதலைப் புரியவைப்பது சுலபம். ஒருவன் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிக்கிறான். ஆள் வரும் என்று நாமும் உட்காராமல் நிற்கிறோம். பெட்டி முழுக்கத் துண்டு. ஆள் மட்டும் வரவேயில்லை. நிஜமாக ஊருக்குப் போகவேண்டியவன் பிளாட்பாரத்திலேயே நின்றுவிடுகிறான். சர்வரும் இப்படித்தான் ஏமாறும். இணைப்பு வேண்டும் என்று யார் கேட்டாலும் அதன் இயங்குதளம் ஓர் இடம் ஒதுக்கி, பதில் அனுப்பி, எதிர்ப்பதிலுக்குக் காத்திருக்கும். பதிலே சொல்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் இடமெல்லாம் தீர்ந்துபோகும்.

என் அக்காவுக்கு அப்போது முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டிய எங்கள் நைனாவுக்குப் பக்கவாதம் வந்ததும் நாங்கள் திருத்தணிக்குக் குடிவந்தோம். அவள் கல்லூரியை விட்டு நின்றாள். ஏழு வருடம் அவரைப் புரட்டிப் போட்டு, துடைத்து, குழாயில் கஞ்சி ஊற்றினாள். நான் படித்தேன். நைனா போன பிறகு, ஓர் அறக்கட்டளை செவிலியர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறது என்று தெரிந்தது. தங்க இடம், சாப்பாடு, முடித்தால் வேலை. வயது முப்பதைத் தாண்டக்கூடாது. அடுத்த வருடம் அவளுக்குத் தாண்டிவிடும். விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான். அந்தத் தளம் நான் பார்த்துக்கொண்ட சர்வரில்தான் இருந்தது.

"நானே ஆபீஸ்ல இருந்து போட்டுடறேன்க்கா" என்றேன்.

"வேணாண்டா. இது ஒண்ணாச்சும் என் கையால போடறேன். கிருத்திகை அன்னிக்கு மலைக்குப் போய்ட்டு வந்து போடறேன்."

கிருத்திகை, விண்ணப்பத்தின் கடைசி நாளில் விழுந்தது. எங்கள் வீட்டில் எதையும் கிருத்திகையன்று மலையேறி முருகனைக் கும்பிட்ட பிறகுதான் தொடங்குவோம். கடைசி நாளில் எந்தத் தளமும் திணறும் என்று எனக்குத் தெரியும், அதுதான் என் தொழில். இருந்தும் சரி என்று தலையாட்டினேன்.

அன்று காலை பத்து மணிக்குமேல் தாக்குதல் தொடங்கியது. எவன், எதற்காக, இன்றுவரை தெரியாது. காத்திருப்போர் வரிசையை நீட்டினேன். காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தேன். கொஞ்சம் மூச்சு வந்தது, மறுபடி போயிற்று. சரியான மருந்து ஒன்று இருக்கத்தான் செய்தது: எதிர்ப்பதில் வரும்வரை இடமே ஒதுக்காத ஏற்பாடு. எங்கள் இயந்திரத்தில் அதைச் சேர்க்க, இயங்குதளத்தின் மையப்பகுதியையே புதிதாக உருவாக்கி, இயந்திரத்தை அணைத்து மறுபடி கிளப்பவேண்டும். சோம்பேறித்தனத்தில் மாதக்கணக்காகத் தள்ளிப்போட்டிருந்தேன். கடைசி நாளில் அணைக்கப் பயம். குறுக்குவழியாக ஒரு விதி எழுதினேன்: ஒரே இணைய முகவரியிலிருந்து அளவுக்கு மீறிக் கோரிக்கை வந்தால் அந்த முகவரியை நாள் முழுக்க உள்ளே விடாதே.

மதியம் அக்கா பிரவுசிங் சென்டரிலிருந்து போன் செய்தாள். "டேய், பேஜ் தொறக்க மாட்டேங்குதுடா."

"அடிச்சிகினு இருக்கானுங்கக்கா. இப்போ பேச முடியாது. கொஞ்ச நேரம் கழிச்சிப் பாரு, வந்துடும்."

"ஆங், சரி. நீ வேலையப் பாரு."

வைத்துவிட்டேன். மூன்று மணிக்குச் சர்வர் நிமிர்ந்து நின்றது. மேனேஜர் தோளில் தட்டி, எல்லோருக்கும் டீ வரவழைத்தார். மடையன் மாதிரி பெருமையாக உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்கு விண்ணப்பம் மூடியது.

வீட்டுக்கு வந்தபோது அக்கா நெற்றியில் விபூதி கலையாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அஞ்சு மணி வரிக்கும் அங்கயே குந்தினு இருந்தேண்டா. வரவே இல்ல" என்றாள். சர்வர் மூன்று மணியிலிருந்து நன்றாக இருந்ததே என்பது என் வாய்வரை வந்து நின்றது.

மறுநாள் காலை முதல் வேலையாகத் தடுக்கப்பட்ட முகவரிகளின் பட்டியலைத் திறந்தேன். அவற்றில் ஒன்று எனக்குத் தெரிந்த முகவரி. எங்கள் வட்டாரத்து பிரவுசிங் சென்டர்கள் பலவும் அந்த ஒரே முகவரி வழியாகத்தான் இணையத்துக்குள் போகும். கடைசி நாளென்று அங்கெல்லாம் பெண்கள் கூடியிருக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து தட்டியதை என் விதி தாக்குதல் என்று எடுத்துக்கொண்டது. அக்கா போன் செய்தபோது கதவை மூடி வைத்திருந்தவன் நான். அவள் ஒருத்தி மட்டுமா, இன்னும் எத்தனை பேரோ.

மேனேஜரிடம் காட்டினேன். அறக்கட்டளையிடம் சொல்லி ஒரு நாள் நீட்டிக்கக் கேட்கலாம் என்றேன்.

"நாமளே தடுத்தோம்னு சொன்னா அதோட நம்ம கதை முடிஞ்சுது. முதல்ல உன் வேலைதான் போகும். வாயத் தொறக்காத" என்றார்.

திறக்கவில்லை. விதி எழுதியது அவசரத்தில் செய்த தவறு. வாயை மூடியது வெறும் தவறல்ல, பாவம். பிறகு அவள் அரக்கோணத்தில் ஒரு மருத்துவமனையில் வார்டு கழுவும் வேலைக்குப் போனாள். அவளைவிடச் சின்னப் பெண்கள் வெள்ளை உடுப்பில் நின்று அவளை ஏவினார்கள்.

மேனேஜர் அப்படிச் சொன்ன அன்று சாயங்காலம், அவளிடமாவது சொல்லிவிடுவது என்றுதான் ரயிலை விட்டு இறங்கினேன். தட்டு வைத்துச் சோறு போட்டாள். நான் கையை வைக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எந்தப் பாவியோ பண்ணதுக்கு நீ இன்னாடா பண்ணுவ? சாப்புடு" என்றாள். பிறகு, "உன் மிஷினுக்கு ஒண்ணும் ஆவலையே?"

"ஒண்ணும் ஆவலக்கா" என்றேன்.