142857: ஆறு வீடு, ஒரு குழாய்

தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாயில் காற்று வரும். அது 'புஸ்ஸ்' என்று சீறியதுமே, மராத்தி ஊரான பிம்ப்ரியில் நாங்கள் இருந்த வரிசை வீடுகளில் எல்லாக் கதவும் திறந்து, குடமும் வாளியும் ஒன்றோடொன்று இடிக்கும்.

மொத்தம் எட்டு வீடு. மூன்றாம் எண்ணில் வீட்டுக்காரர் சாமான் போட்டு வைத்திருந்தார். ஆறாம் எண் பூட்டிக் கிடந்தது. ஆள் இருந்த கதவு எண்கள் ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஏழு, எட்டு. எங்கள் வீடு ஏழு. எட்டாம் வீட்டு 'காக்கூ' (அங்கே சித்தியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) எப்போதும் முதலில் பிடிப்பாள். நான் கடைசி. அப்போது எனக்குப் பத்து வயது. பிடித்து முடித்துப் பள்ளிக்கு ஓடினால் தினமும் தாமதம்.

"அடுத்த வாரமும் இப்படி வந்தா பேரை அடிச்சிடுவேன்" என்றார் டீச்சர். தண்டனையாக 142857ஐ ஒன்று முதல் ஏழு வரை பெருக்கி வரச் சொன்னார்.

வாசற்படியில் உட்கார்ந்து பெருக்கினேன். இரண்டால் 285714. மூன்றால் 428571. அதே ஆறு எண்கள், அதே வரிசை. முதலில் நிற்பது மட்டும் மாறியது. ஆறு வரை அப்படித்தான். உற்றுப் பார்த்தேன். மூன்றும் ஆறும் இல்லை. எல்லாம் எங்கள் கதவு எண்கள்.

வெள்ளி காலை குழாய்ச் சுவரில் அந்த விடைகளை, வெள்ளிக்கு 142857, சனிக்கு 285714 என்று சாக்பீஸால் நாளுக்கு ஒரு வரியாக எழுதினேன். ஒவ்வொரு வீடும் ஒருநாள் முதல், ஒருநாள் கடைசி. தனக்கு முன்னால் யார் என்று நினைவிருந்தால் போதும்.

"கணக்குப் போட்டா தண்ணி வருமா, சாத் நம்பர்?" என்றாள் காக்கூ மராத்தியில். ஏழு என்பதை அங்கே 'சாத்' என்பார்கள். என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"பெரியவங்களுக்கே வரிசை போடுறியாடி? உள்ள வா" என்றாள் அம்மா.

நான் போகவில்லை. அதற்குள் மற்ற வீட்டுக் குடங்கள் சுவரில் எழுதியிருந்தபடி நின்றுவிட்டன. காக்கூ பார்த்தாள்.

"எனக்குப் பின்னாடி யாரு?"

"அஞ்சு."

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும். நீங்க கடைசியா நிக்கிற அன்னைக்கு மட்டும் அவங்க முதல்."

அஞ்சாம் வீட்டுக்காரி அவளுக்குச் சிநேகிதி. குடத்தைத் தூக்கி நாலாவதாக வைத்தாள்.

வியாழன் தண்ணீர் வராது. ஏழால் பெருக்கினால் 999999. அதையும் வியாழனுக்கு எழுதியிருந்தேன். "ஒம்பதாம் வீட்டுக்காரியே இன்னைக்கு மொத்தத்தையும் அள்ளிட்டாளாக்கும்" என்று காக்கூ சிரித்தாள். ஒன்பதாம் வீடே கிடையாது.

அதன் பிறகு வெள்ளி மட்டும்தான் தாமதம். டீச்சர் பெயரை அடிக்கவில்லை. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. அது தண்ணீரால் அல்ல.

இப்போது அந்த இடத்தில் மாடிக் கட்டடம். குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சுவர் இல்லை. போன மாதம் சந்தையில் காக்கூவைப் பார்த்தேன். தலை முழுக்க வெள்ளை. என் பெயர் அவளுக்கு நினைவில்லை.

"சாத் நம்பர்! உன் முன்னாடி யாரு?"

"அஞ்சு" என்றேன்.

"அவ போயிட்டா." பையை மறு கைக்கு மாற்றினாள். "அப்ப என் பின்னாடி இனி நீதான்."

அவள் பையை வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.