பம்பு இருந்த சைக்கிள்

கன்னியாகுமரி வரை சைக்கிளில் போய் வந்தவன் என்று அரியலூரில் என்னை இன்றும் சொல்வார்கள். போனதும் உண்மை, வந்ததும் உண்மை. வந்த விதம், கூட வந்த மூவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

நாங்கள் நான்கு பேர், பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள். யுத்த காலம்; புது டயரைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். எங்களில் நெட்டையாக இருந்தவனின் சைக்கிள்தான் படுமோசம், டியூப் முழுக்க ஒட்டு. நால்வருக்கும் காற்றடிக்க ஒரே பம்பு. அது என் சைக்கிள் பாரில் மாட்டியிருந்தது. கிளிப் லூசாக இருந்ததால் கயிறும் கட்டியிருந்தேன்.

கடைசி நாள் பாடாலூரில் டீ குடித்தோம். பெரம்பலூர் தாண்டினால் அரியலூர்தான். சனிக்கிழமை நாலு மணிக்கு கடைத்தெருவுக்கு வந்துவிடுவோம் என்று மாமாவுக்கு மதுரையிலிருந்தே கார்டு போட்டிருந்தேன். அவர் மாலையோடு நிற்பார் என்று தெரியும். அன்று காலையில் மட்டும் நெட்டை நண்பனின் டியூப் மூன்று முறை காலை வாரியது. எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் கோபம்.

"உன் ஓட்டை வண்டியால எங்க மானமே போவுதுடா," என்றேன்.

"அப்ப நீ முன்னால போ. நாங்க மெதுவா வந்துடுறோம்."

போய்விட்டேன். பெரம்பலூரில் தண்ணீர் குடிக்க இறங்கியபோதுதான் பம்பு கண்ணில் பட்டது. திரும்பினால் பத்துப் பன்னிரண்டு மைல். பஞ்சரானால்தானே பம்பு வேண்டும், அப்படியே ஆனாலும் வழியில் யாராவது கொடுக்காமலா போவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அரியலூரைப் பார்த்து மிதித்தேன். மாலை ஆசை அப்படி.

கடைத்தெருவில் மாமா நான்கு மாலைகளோடு நின்றார். ஒன்று என் கழுத்தில் விழுந்தது.

"மத்தவங்க எங்கடா?"

"பின்னாடியே வராங்க மாமா."

பொழுது சாய்ந்தும் வரவில்லை. மிச்ச மூன்று மாலைகளையும் அம்மா ஈரத்துணியில் சுற்றி வைத்தாள். நான் பம்பைக் கழற்றி, உள்ளே ஆணியில் மாட்டினேன். ஒளித்தேன் என்பதுதான் சரி.

மறுநாள் காலை மூவரும் எங்கள் வாசலில் வந்து இறங்கினார்கள். பாடாலூரை விட்டு மூன்றாவது மைலிலேயே டியூப் போய்விட்டதாம். மற்ற இருவரின் வண்டிகளுக்கு ஒன்றுமில்லை, ஏறி வந்திருக்கலாம். மூன்று பேருமே பெரம்பலூர் வரை தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். அங்கே சைக்கிள் கடை பூட்டியிருந்ததால் சத்திரத்தில் படுத்து, விடிந்ததும் ஒட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள்.

திட்டு விழும் என்று நின்றேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டித் தப்பித்திருப்பேன். நெட்டை நண்பனின் முகத்தில் இருந்தது கவலை.

"பம்பு வழியில விழுந்துடுச்சுல்ல? நீ திரும்பி வரலன்னதுமே புரிஞ்சிடுச்சுடா. இருந்திருந்தா கொண்டாந்திருப்பியே. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் தேடிக்கிட்டேதான் நடந்தோம். கெடைக்கல."

அவ்வளவு நம்பிக்கையை நான் சம்பாதித்திருக்கவில்லை. உள்ளே போய்ப் பம்பை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தேன்.

"பெரம்பலூர்லயே பாத்துட்டேன்டா," என்றேன்.

அவன் பம்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அதைத் தன் சைக்கிள் பாரில் வைத்துக் கட்டினான். விஷயம் தெரியாத அம்மா, ஈரத்துணியை அவிழ்த்து மூன்று மாலைகளையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

யாரும் கழுத்தை நீட்டவில்லை.