புள்ளிக்குப் பின்னால் வரும் எண்

மின்விசிறியைப் போடுவதற்கு முன்பே, தையல் மெஷினின் உறையை எடுப்பதற்கும் முன்பே, மலர்கொடி செல்போனில் செட்டிங்ஸைத் திறந்து கீழே தள்ளிக்கொண்டே போகிறார். கடைசியில் அந்த போனை இயக்கும் மென்பொருளின் பதிப்பு எண் வருகிறது. உதடு அசைய அதைப் படிக்கிறார். நடுவில் "புள்ளி" என்று சொல்லி நிறுத்தி, மிச்சத்தைப் படிக்கிறார். நேற்று இருந்த அதே எண். ஆனாலும் நம்பிவிட்ட முகமாக இல்லை.

செந்துறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் அவருடைய கடை. அளவு பிளவுஸ் கொடுத்தாலும் டேப்பை எடுத்து என்னை நிற்கவைத்து அளப்பார். "துணி சுருங்கியிருக்கும், இல்ல நீங்க பெருத்திருப்பீங்க. நான் எத நம்புறது?" புதுக் கொக்கி அட்டை வந்தால் ஒரு கொக்கியைப் பல்லால் கடித்து வளைத்துப் பார்ப்பார். பால்காரர் வழக்கத்தைவிட அன்பாகப் பேசினால் அன்றைக்குப் பாலை முகர்ந்து பார்ப்பார்.

போன் மீதான சந்தேகம் மட்டும் காரணத்தோடு வந்தது. மகள் ஆர்த்தி எட்டாவது படிக்கிறாள். சின்ன வயதிலேயே சர்க்கரை நோய் வந்து, இன்சுலின் ஊசியோடு வளர்கிறவள். அவள் மேல்கையில் ஒட்டியிருக்கும் சென்சார், ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று அம்மாவின் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அளவு இறங்கினால் போன் அலறும். மலர்கொடி பள்ளிக்கூடத்துக்குச் சொல்வார். போன ஆடியில் ஒரு நாள் அது அலறவில்லை. போன் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டதில் அந்தச் சத்தம் அடைபட்டுப் போயிருந்தது. இவர் மெஷினை மிதித்துக்கொண்டிருக்க, பிள்ளை மைதானத்தில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் கண் திறக்கச் சாயங்காலம் ஆயிற்று.

அன்றிலிருந்து தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார். எண் மாறினால் கடை திறப்பதில்லை. முதலில் போனைச் சோதிப்பார். "பெரிய நம்பரு மாறுனா ஊருக்கே சொல்லிட்டு வர்றான். இந்தப் புள்ளிக்குப் பின்னாடி வர்றவன் இருக்கான் பாருங்க, அவன் கொல்லப்பக்கமா நுழையறவன்."

போன வாரம் நான் பிளவுஸ் வாங்கப் போயிருந்தேன். எண் மாறவில்லை. ஆனாலும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கடிகாரப் படம் நேத்து இவ்ளோ உருண்டையாவா இருந்துச்சு?"

எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. "அப்படியேதாங்க்கா இருக்கு" என்றேன்.

"நம்பரும் அதத்தான் சொல்லுது" என்றவர், எச்சரிக்கை எல்லையை மகளின் அப்போதைய அளவுக்கு மேலே ஏற்றி வைத்தார். அளவு எல்லைக்குக் கீழே இருந்தால் போன் அலற வேண்டும். இருவரும் காத்திருந்தோம். போன் சும்மா கிடந்தது. திரையில் ஆர்த்தியின் அளவுக்குப் பக்கத்தில் அம்பு கீழ்நோக்கித் திரும்பியிருந்தது; அளவு இறங்கிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூட ஆபீஸ் போன் பிஸியாகவே இருந்தது. அவர் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு என் ஸ்கூட்டியில் ஏறினார். வழியெல்லாம் அவருடைய விரல்கள் என் தோளில் அழுந்தியிருந்தன.

ஆர்த்தி வகுப்பில் எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்து கோட்டை விட்டு இறங்கியிருந்தது. கூப்பிட்டதும் எழுந்தவள், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கும்மா வந்த? எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். கையக் குடு."

விரலில் குத்தி எடுத்த சொட்டை வைத்ததும், சர்க்கரை மீட்டர் அளவு நன்றாகத் தாழ்ந்துவிட்டதைக் காட்டியது. குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்து அவளை வராந்தாவில் உட்கார்த்தினார். பிறகுதான் போன் கடை ராஜேஷைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் அவன் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"அக்கா, மெயின் நம்பர் மாறாமயே உள்ள இருக்கற சின்னச் சின்ன பார்ட்டெல்லாம் தனித்தனியா அப்டேட் ஆகுங்க்கா. அது நீங்க பாக்கற எடத்துல வராது. எப்பயும் ஏதாச்சும் மாறிக்கிட்டேதான் இருக்கும்."

"அப்ப அந்த நம்பரு எதுக்குடா?"

"சாயங்காலம் எடுத்துட்டு வாங்கக்கா, சரி பண்ணித் தரேன்" என்று வைத்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் அம்பு மேல்நோக்கித் திரும்பியது. அளவு ஏறிக்கொண்டிருந்தது. "அக்கா, ஏறிடுச்சு, பாருங்க" என்று போனை அவர் முன் நீட்டினேன்.

மலர்கொடி அதைப் பார்க்கவில்லை. மகளின் இரட்டைச் சடைக்குக் கீழே, பிடரியில் புறங்கையை வைத்துக் குளிர்ந்த வேர்வை இருக்கிறதா என்று தடவினார். முந்தானையால் துடைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் அங்கேயே கையை வைத்தார்.